மதாமின் கிற்றார் சரிந்த பின்னேரம்

வாத்தியம் திருத்தும் வேலைக்கும் ஒலி வேலைக்கும் மொன்றியலில் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் கேட்கக் கூடாது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருகோணமலையில் அலுமினியப் பாத்திரம் அடித்தவன். இந்த நகரத்தில், நிலத்தடி அறை ஒன்றில், ஒரு தொழிற்சாலை வேண்டாம் என்று தள்ளிய சுழல் இயந்திரத்தைப் பொருத்தி, ரெசனேட்டர் கிற்றாருக்குக் கூம்பு செய்யும் பட்டறையைக் கட்டியவன். பிரெஞ்சு தெரியாமலே பிரெஞ்சுக்காரரின் பான்ஜோக்களைத் திருத்தியவன். தேர்த் திருவிழாவில் மழை கொட்டியபோது ஒலிபெருக்கியை விடாமல் பாட வைத்தவன். அமெரிக்க மலைநாட்டு ஆட்கள் எல்லை கடந்து வந்து என்னிடம் கூம்பு வாங்கிப் போயிருக்கிறார்கள். எனக்கு முன்னால் நம்மவரில் யாராவது இங்கே இதைச் செய்திருந்தால் கூட்டி வாருங்கள். நானே எழுந்து கதிரை கொடுக்கிறேன்.

கூம்பு என்றால் என்ன என்று கேட்பீர்கள். ரெசனேட்டர் கிற்றாரின் வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியத் தகட்டால் ஆன ஒரு கூம்பு இருக்கும். ஒரு மர வளையம் அதைத் தாங்கும். கம்பிகளின் பாரம் முழுவதும் கூம்பின் தலையில் இறங்கும். மடியில் மல்லாக்கப் போட்டு, இடது கையில் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பியின் மேல் தடவி, வலது கையால் மீட்டுவார்கள். கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. அந்த வாத்தியத்தின் வெள்ளைக்காரச் சொந்தம், இரும்புக் குரலோடு.

அதை வாசித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவருடைய பெயரை இசைத்தட்டின் முகப்பில் இப்போது பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நான் பழகிய காலமெல்லாம் பிரெஞ்சு முறையில் 'மதாம்' என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே.

மதாம் வடக்கே ஒரு மரம் வெட்டும் ஊரில் பிறந்தவர். அவருடைய தகப்பன் மடியில் கிற்றாரைப் போட்டு மெதுவாக, அழுகிற மாதிரி வாசிப்பாராம். அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான் வாசித்தார்கள். மதாமோ வானொலியில் புளூகிராஸ் கேட்டு வளர்ந்தவர். பான்ஜோவும் பிடிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் மலைநாட்டுப் பாட்டு அது. 'இந்தக் கிற்றார் மட்டும் ஏன் எப்போதும் அழுதுகொண்டிருக்க வேண்டும்?' என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பான்ஜோக்காரர் மூன்று விரலால் மீட்டும் முறையை எடுத்து, மடிக் கிற்றாரில் போட்டு, அதை ஓட வைத்தார். இந்த நாட்டுப் பக்கம் அதற்கு முன் ஒருவரும் அப்படி வாசித்ததில்லை. வாசித்தது ஒரு பெண் என்பதை ஆண்களால் பொறுக்க முடியவில்லை. எத்தனையோ பேரின் இசைத்தட்டில் மதாமின் கிற்றார் ஓடுகிறது. அட்டையில் அவர் பெயர் இருக்காது. மேடையில் பின்வரிசை, படத்தில் பாதி முகம். அவ்வளவுதான்.

எனக்கு அவர் அறிமுகமான இடம் நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் இருவரும் குடியிருந்த அடுக்குமாடியின் உடுப்புத் துவைக்கும் அறை. அப்போது நான் புவாண்ட்-கிளேரில் விளக்குமூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சுழலும் அச்சில் தட்டையான தகட்டை வைத்து, நீளத் தடியால் அழுத்தி அழுத்தி, மூடியாக வளைப்பது என் வேலை. பழுதென்று ஒதுக்கிய மூடி ஒன்றை, துவைத்த உடுப்புப் போட்டுக் கொண்டுபோக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மதாம் என் உடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார். மூடியைக் கையில் எடுத்தார். விரலால் சுண்டினார். காதருகே கொண்டுபோய் மறுபடி சுண்டினார்.

"இதை யார் செய்தது?"

"நான்தான்."

"மேலே வா."

மேலே போனேன். மடியில் அந்தக் கிற்றாரைப் போட்டு வாசித்துக் காட்டினார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் உலோகம் தெரியும். உலோகம் அப்படிப் பேசும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசித்து முடித்துவிட்டு, உள்ளே இருந்த பழைய கூம்பு நசுங்கிக்கொண்டு வருகிறது, இப்படி ஒன்று உன்னால் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது. அது வேறு விசயம்.

மட்டக்களப்பைச் சேர்ந்த ஞானம் தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்தவன். "டேய் ராசா, லாம்புக்கு மூடி அழுத்துற கையால சங்கீதம் செய்யப் போறியோ? பாத்துச் செய், கிழவி அதில கறி காய்ச்சிப் போடும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தான்.

நான் செய்த முதல் கூம்பு நல்ல மொத்தம், தடித்த தகடு. நூறு வருடம் போனாலும் நசுங்காது. பெருமையோடு கொண்டுபோய்ப் பூட்டினேன். மதாம் ஒரு தடவை மீட்டினார்.

"நல்ல சத்தம்," என்றார். "சமையலறைக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஞானத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் வந்தது. திரும்பிப் போய்த் தகட்டைக் கொஞ்சம் மெல்லிதாக்கினேன். இன்னும் மெல்லிதாக்கினேன். கிழிந்தது. மறுபடி செய்தேன். நசுங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் ஒரு கனம் இருக்கிறது. அந்தக் கனத்தில்தான் தகடு பாடுகிறது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. என் உள்ளங்கையே கண்டுபிடித்தது. அந்தக் கூம்பைப் பூட்டியபோது மதாம் நீண்ட நேரம் வாசித்தார். நான் போகும்போது என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். எனக்கு அது போதும்.

புதியவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் வேலை உடையக் கூடாது என்பதற்காக அதை மொத்தமாகச் செய்யாதீர்கள். பழி வராமல் இருப்பதற்கும் வேலை நன்றாக இருப்பதற்கும் இடையில் நிறையத் தூரம் இருக்கிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மதாமுக்கு எண்பது கடந்துவிட்டது. இடது கை விரல்கள் மடங்கிக்கொண்டு வந்தன. இரும்புக் கட்டையைப் பிடிக்கவே கஷ்டம். கைக்குச் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வாசிக்க முடியுமா என்று வைத்தியரும் சொல்லவில்லை, மதாமும் கேட்கவில்லை. அதற்கு முன் ஒரே ஒரு கச்சேரி. முன்பு தேவாலயமாக இருந்த ஒரு மண்டபத்தில், பகல் நேரத்தில், சபையின் முன் வாசித்து அங்கேயே ஒலிப்பதிவு செய்வது. அவருடைய பெயரில் வரப்போகும் முதல் இசைத்தட்டு. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோருக்கும் அது தெரியும்.

வெளியே தை மாதக் குளிர். மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். இந்த ஊரில் கிற்றார் வைத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும், குளிரிலிருந்து வந்த வாத்தியத்தைப் பெட்டியைத் திறக்காமல் ஒரு மூலையில் விட்டு, தானாகச் சூடேற விடவேண்டும் என்று. மண்டபத்தைக் கவனிக்கும் பெண்மணி நல்லவர். மதாமின் மேல் அன்பு கொண்டவர். கிற்றாருக்குக் குளிரும் என்று பெட்டியைத் தூக்கிச் சுவரோரத்து ஹீற்றருக்கு மேல் வைத்துவிட்டார். நான் வந்து தொட்டபோது பெட்டி இட்லிச் சட்டி மாதிரிச் சுட்டது.

அந்தக் கிற்றார் பழையது. கூம்பைத் தாங்கும் மர வளையம் வச்சிரப் பசையால் ஒட்டியது. வச்சிரம் சூட்டுக்கு இளகும். பெட்டியை இறக்கி, ஆற விட்டு, திறந்து பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருவிரலால், கூம்புக்கு மேலே பூட்டியிருக்கும் மூடியின் ஓரத்தை அழுத்தினேன். ஒரு பக்கம் மட்டும், மிகக் கொஞ்சம், உள்ளே போய் வந்தது. பல் ஆடத் தொடங்கும்போது நாக்குக்குத் தெரியுமே, அந்த அளவு.

மறுபடி ஒட்டினால் காய ஒரு முழு நாளாவது வேண்டும். மதாமின் மாணவி ஒருத்தியின் கிற்றார் இருந்தது. அதை வாங்கி மேடையோரம் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் விட்டால் மதாம் நிம்மதியாக மேடைக்குப் போவார். சொன்னால் பயத்தோடு போவார். பலர் முதலாவதைத்தான் செய்வார்கள். நான் நேரே போய்ச் சொன்னேன்.

"வளையம் இளகியிருக்கிறது, மதாம். இருந்தாலும் இருக்கும். இல்லாவிட்டால் நடுவில் சரியும்."

"எப்போது?"

"அது எனக்குத் தெரியாது."

"உன் கூம்பு?"

"என் கூம்புக்கு ஒன்றும் இல்லை." இதை நீங்களும் நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மதாம் மாணவியின் கிற்றாரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "என் பெயரில் வரும் தட்டில் இன்னொருத்தியின் குரலா? வேண்டாம். இதைக் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்திருக்க வழி சொல்."

நான் ஒரு வழி சொன்னேன். கம்பிகளைத் தளர்த்தி அரைச் சுருதி இறக்கினால் கூம்பின் மேல் பாரம் குறையும். ஆனால் குழு முழுவதும் இறக்க வேண்டும். பான்ஜோ வாசிக்கும் தாடிக்காரர்தான் குழுவுக்குத் தலைவர். அவர் துள்ளினார்.

"என் பான்ஜோ நனைந்த மேளம் மாதிரிக் கேட்கும்!"

"கேட்கட்டும்," என்றார் மதாம். "நாற்பது வருடமாக உன் பான்ஜோவுக்குப் பின்னால் நான் நின்றேன். இன்றைக்கு நீ கொஞ்சம் கீழே வா."

தாடிக்காரர் முறுக்காணியைத் திருகத் தொடங்கினார்.

ஒலிப்பதிவுக்குப் பொறுப்பு கார்த்தி. சென்னைப் பிள்ளை, இங்கே ஒலித்துறை படித்து முடித்தவன். கெட்டிக்காரன். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் அவனுடைய ஒலி மிக்சர். நானும் அவன் பக்கத்தில் மாற்றுக் கிற்றாரைச் சுருதி சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நம் தொழிலில் விதி அது. மேடையில் வாத்தியம் போனால், ஒரு பாட்டின் நடுவிலேயே நடந்து போய் மாற்றைக் கொடுக்க வேண்டும். வெட்கம் பார்க்கக் கூடாது.

முதல் பாட்டு போனது. அடுத்ததும் போனது. ஒவ்வொரு பாட்டுக்கும் நான் முருகனைக் கூப்பிட்டேன். வளையம் தாங்கியது. சபை சந்தோசமாகக் கைதட்டிக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்திய உருப்படி, மதாம் தானே கட்டியது. அந்த மூன்று விரல் ஓட்டத்தின் உச்சம் அதுதான். குதிரைகள் பாலத்தில் ஓடுவது மாதிரி இருக்கும்.

பாதியில் ஒரு சத்தம் கேட்டது. சபைக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. மரம் மரத்தை விட்டுப் போகும் சத்தம்.

கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கின. ஆறும் ஒரே அளவாக இறங்கவில்லை. ஒன்று கொஞ்சம், ஒன்று கூட. அடியில் ஒரு அதிர்வும் கிளம்பியது, பாத்திரத்துக்குள் வண்டு அகப்பட்ட மாதிரி.

"சார், கிட்டார் போச்சு!" கார்த்தியின் கை மிக்சருக்குப் போனது. "நான் அந்த சேனலை க்ளோஸ் பண்றேன். நீங்க போய் மாத்திக் குடுங்க."

என் ஒரு கால் திரைக்கு வெளியே போய்விட்டது. அப்போது மதாமைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. இடது தோள் மட்டும் ஒரு மயிரளவு நகர்ந்தது. இரும்புக் கட்டை கம்பியின் மேல் ஒரு மயிரளவு முன்னேறியது. அடுத்த சுரம் சரியான இடத்தில் வந்து நின்றது.

காலை உள்ளே இழுத்தேன். கார்த்தியின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கையை எடு, தம்பி."

"சார், இது ரெக்கார்டிங்! அதிருது சார், கேக்கலையா உங்களுக்கு?"

"ஓம், கேக்குது. அதுக்காகத்தான் சொல்றன். மூடாத."

"நாளைக்கு என்னத்தான் திட்டுவாங்க!"

"என்னைத் திட்டச் சொல்லு. ராசநாயகம் கையைப் பிடிச்சவர் எண்டு சொல்லு. இப்ப அந்த மனுசியைப் பார்."

பார்த்தான். கையை எடுத்தான்.

அன்றைக்கு நான் கண்டதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மற்றக் கிற்றாரில் சுரத்துக்கு, வீணையில் மாதிரி, மெட்டு போட்டிருக்கும். அதில் கம்பி இறங்கினால் கதை முடிந்தது. இதில் மெட்டுக்கு வேலை கிடையாது. சுரம் இருக்கும் இடத்தை வாசிப்பவரின் காதுதான் காட்ட வேண்டும். ஆனால் கம்பி இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த இடமும் நகர்ந்துகொண்டே இருக்குமே! ஓடுகிற வள்ளத்தில் நின்றுகொண்டு நூல் கோப்பது மாதிரி. இரும்பு தொடாத கம்பிகளை மதாம் ஒலிக்க விடவே இல்லை. ஒவ்வொரு கம்பியையும் அதனதன் சரிவுக்குத் தக்கபடி, இரும்பைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார். மடங்கிப்போன அந்த விரல்களால்.

குழுவுக்கும் விளங்கிவிட்டது. முதலில் பிடில் நின்றது. பிறகு மாண்டலின். தாடிக்காரர் பான்ஜோவைக் கையால் மூடிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றார். மண்டபத்தில் மதாம் மட்டும் இருந்தார். அவர் ஓட்டத்தை மெல்ல மெல்லக் குறைத்தார். குதிரைகள் நடந்தன. பிறகு நடையும் இல்லை. நீளமான இழுப்புகள். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கி, கேவி, ஏறி, அங்கே நின்று நடுங்கி. அந்த வண்டுச் சத்தமும் கூடவே அழுதது. அது பழுதாகவே கேட்கவில்லை. கிழட்டுத் தொண்டை கரகரப்பதுபோல், அந்தப் பாட்டுக்குச் சொந்தமானதாகிவிட்டது.

"சார்," என்று கார்த்தி மெதுவாகச் சொன்னான். "இது கமகம் சார்." அவன் கண்ணைத் துடைத்தான். பிறகு தானாகவே சபையின் பக்கம் இருந்த மைக்குகளைக் குறைத்து, மதாமின் கிற்றாரைச் சற்று ஏற்றினான். அது அவனுடைய புத்தி. நான் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்பவன் நான்.

கடைசிச் சுரத்தை மதாம் விடவில்லை. கூம்பு கீழே போகப் போக இரும்பு மேலே போனது. இரண்டும் போட்டி போட்டன. சுரம் அசையவில்லை. பிறகு உள்ளங்கையால் எல்லாக் கம்பியையும் அமர்த்தினார். கைதட்டல் வந்தது பாருங்கள், பழைய தேவாலயத்தின் கூரை என் தலையில் விழப்போகிறது என்று நினைத்தேன்.

மதாம் எழுந்து திரைக்குப் பின்னால் வந்தார். மேல்மூச்சு வாங்கியது.

"ஏன் நீ வரவில்லை?"

"நீங்கள் கூப்பிடவில்லையே, மதாம்."

"வந்திருந்தால் இந்த இரும்பால் அடித்திருப்பேன்," என்றார். சிரித்தார். பிறகு என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கடைசிப் பாட்டை மாணவியின் கிற்றாரில் வாசித்தார். அதைத் தட்டில் சேர்க்க வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

சத்திரசிகிச்சை நடந்தது. கை நோவு போய்விட்டது, பிடியும் போய்விட்டது. மதாம் இப்போது வாசிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவேன். தட்டைப் போடச் சொன்னால் போடமாட்டார். "எனக்குத் தெரிந்த பாட்டுத்தானே" என்பார்.

இளையவர்களே, மாற்று வாத்தியத்தைக் கையில் வைத்திருங்கள். காலையும் தயாராக வைத்திருங்கள். ஆனால் போகுமுன் வாசிப்பவரின் தோளைப் பாருங்கள். கை தோற்றுப்போயிருக்கிறதா, வாத்தியம் மட்டும்தான் தோற்றிருக்கிறதா என்று தோள் சொல்லும். நாங்கள் பழகியவர்கள் பாய்ந்து போய் உதவி செய்வதற்கு. உதவி செய்யாமல் நிற்பது அதைவிடக் கடினம், சபையில் யாருக்கும் அது தெரியவும் தெரியாது.

அதுதான் இப்போது என் பிரச்சினை. இசைத்தட்டு வந்துவிட்டது. அந்த உருப்படியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இளம் கிற்றார்க்காரர்கள் அந்த இறக்கத்தை வேண்டுமென்று கட்டியது என்று நினைத்து, கம்பியைத் தளர்த்தித் தளர்த்திப் பழகுகிறார்களாம். பழகட்டும். அட்டையின் பின்பக்கத்தில் தாடிக்காரர் பெயர் இருக்கிறது. பிடில், மாண்டலின், கார்த்தி, படம் எடுத்தவர், பெட்டியை ஹீற்றரில் வைத்த அந்தப் பெண்மணி, இடைவேளைக்குப் பலகாரம் கொடுத்த வெதுப்பகம், எல்லாம் இருக்கிறது. என் பெயர் இல்லை. வெளியிட்டவரிடம் கேட்டேன். "நீங்கள் அன்றைக்கு ஒன்றும் வாசிக்கவில்லையே, மிஸ்டர் ராசநாயகம்," என்றார் மரியாதையாக.

வாசிக்கவில்லைத்தான். ஆனால் அந்தத் தட்டில் பாடுகிற தகடு என் கையால் வளைந்தது. கச்சேரி அவ்வளவு தூரம் போனது நான் சுருதியை இறக்கச் சொன்னதால். அந்த உருப்படி முழுசாக இருப்பது ஒரு கையை நான் பிடித்ததாலும் ஒரு காலை நான் இழுத்ததாலும். மதாமின் வித்தைக்குப் பக்கத்தில் இது தூசு. அதை நானே சொல்கிறேன். தூசுக்கும் பெயர் உண்டு. அடுத்த பதிப்பு அச்சாகப் போகிறதென்று கேள்விப்பட்டேன். இடம் இல்லை என்று சொல்லவேண்டாம். வெதுப்பகத்தின் பெயருக்குக் கீழே நிறைய இடம் இருப்பதை நான் பார்த்துவிட்டேன். அங்கே போடுங்கள், பிழையில்லாமல், முழுப் பெயராக: கூம்பு செய்தவரும் மேடைக்குப் போகாமல் நின்றவரும், திருகோணமலை வேலுப்பிள்ளை ராசநாயகம்.